பத்து மணிப் பூவை அப்பா பார்த்த நாள்

இன்று மணவாள நகர் நர்சரியில் பத்து மணிப் பூச் செடி வாங்கினேன்.

"வெயில் ஏறினாதான் சார் தொறக்கும், மத்தியானம் மூடிக்கும். வேலைக்குப் போறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"ரிடையர் ஆயிட்டேன்."

"அப்ப எடுத்துக்கினு போங்க."

எழுபதுகளில் அப்பா இதே செடியை வாசலோரம் பாத்தி கட்டி வளர்த்தார். விடியுமுன் ரயிலேறி ஃபேக்டரிக்குப் போவார், இருட்டித் திரும்புவார். ஞாயிறும் ஓவர்டைம். அவர் கண்டதெல்லாம் சுருண்ட மொட்டுதான்.

"பூத்துச்சின்னு சும்மா சொல்றே" என்று அம்மாவிடம் சலித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றுவார்.

ஒரு நாள் காலை பாத்தி முழுக்க ரோஸ் நிறம். அப்பா எதிரில் குந்தியிருந்தார். முந்தின நாள்தான் ஃபேக்டரி கேட்டைப் பூட்டி லாக்-அவுட் செய்திருந்தார்கள்.

"நெஜமாவே பூக்குது, பாரேன்!"

அம்மா பார்க்கவில்லை. "இத பாத்துக்கினு குந்தினா அடுப்பு எரியுமா?" என்றாள்.

அதன்பிறகு அப்பா பாத்திப் பக்கம் போகவே இல்லை.

இன்று மாலை, கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த என் மகன் தொட்டியைப் பார்த்தான்.

"இன்னாப்பா, மொட்டாவே கீது?"

'ஒரு நாள் ஊட்ல இருந்தா பாப்படா' என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஷிப்டு முடிந்து வருகிறவனுக்குப் பூக்கிற செடி இருந்தால் சொல்லுங்கள்.