சரசுவின் குரலைத் தேடித் திருச்செங்கோட்டுக்கு

மொழியியல் பேராசிரியர் ஒருவர் வாழ்ந்த வீட்டைப் பார்க்கத் திருச்செங்கோட்டுக்கு மாணவர்கள் இன்றும் போகிறார்கள். என்னிடமும் வழி கேட்கிறார்கள். நான் போனது 1986 மாசியில், அவர் இறந்து இரண்டு மாதம் கழித்து. அவரைக் கும்பிடப் போகவில்லை. செத்துப்போன என் மனைவி சரசுவின் குரலைக் கேட்கப் போனேன்.

சேலத்திலிருந்து சங்ககிரி வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சங்ககிரி தாண்டினால் ஒரே வறட்சி. நிழலே இல்லை.

பேராசிரியர் குடியானவர் வீட்டில் பிறந்தவர். சேலத்தில் கல்லூரி, வடக்கே முனைவர் பட்டம், சில வருடம் வெளிநாட்டில் வேலை, பிறகு இங்கே துறைத்தலைவர். கொங்குப் பேச்சு கெட்டுப்போன தமிழ் அல்ல, அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு என்று நிறுவினார். நான் பள்ளிக்கூடம் போகாதவன், பொட்டலக் காகிதத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவன். அவர் சொன்னது சரி என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் அந்தப் பேச்சை எங்கே எடுத்தார்? 1974இல் சேலம் அம்மாபேட்டையில், எங்கள் தறிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, குமாரபாளையத்துப் பெண்ணான சரசுவைப் பேசவைத்துப் பதிவு செய்தார். அவர் எழுதிய புத்தகத்தில் அவள் வெறும் 'நெசவுக் குடும்பப் பெண்'. பெயர் இல்லை. அந்த ஒலிநாடாவுக்கு நகல் கேட்டேன். அனுப்புகிறேன் என்றார், கடைசிவரை அனுப்பவில்லை. சரசு 1983இல் போய்விட்டாள்.

பேராசிரியரின் மனைவி தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்.

"அவரு பொழங்குன சாமானெல்லாம் கருமாதியன்னிக்கே வண்ணாருக்குக் குடுத்தாச்சுங்க. டேப்பு, கேசட்டு எல்லாந்தான். மொறைன்னு ஒன்னு இருக்குதில்லீங்க?"

"என் சம்சாரம் பேசுனது அதுல இருக்குதுங்க."

"ஊட்டுல இருந்தப்பக் கேக்காத பேச்சைக் கேக்கவா இத்தன தூரம் வந்தீங்க?"

வண்ணார் வீட்டுக்கு வழி மட்டும் கேட்டேன்.

வண்ணார் பெயர் பழனியப்பன். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிப்போனது. "ஏனுங்க சாமி, முன்னாடியே வரக்கூடாதுங்களா? கேசட்டெல்லாம் கடையில குடுத்து சினிமாப் பாட்டு ஏத்திப்போட்டனுங்க. சும்மா லொடலொடன்னு யாரோ பேசிக்கிட்டிருந்தாங்க, யாரு கேப்பாங்கன்னு…"

எல்லாவற்றையும் போடச் சொன்னேன். சலிக்காமல் போட்டார். பாட்டு, பாட்டு, மேலும் பாட்டு. ஒரு கேசட்டில் மட்டும் கடைசிப் பாட்டு முடிந்தபின் கொஞ்சம் நாடா மிச்சம் இருந்தது. தறிச் சத்தம் கேட்டது. அது எங்கள் தறி. பிறகு பேராசிரியர் குரல்: "இன்னொரு தரம் சொல்லுங்கம்மா."

அத்தோடு நாடா தீர்ந்துவிட்டது.

"எடுத்துட்டுப் போங்க சாமி" என்று பழனியப்பன் அந்தக் கேசட்டை என் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை. கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பேராசிரியரை மன்னிக்கவில்லை.

நீங்கள் போவதானால் சேலத்தில் காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், வெயிலுக்கு முன் சேர்ந்துவிடலாம். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். உங்கள் வீட்டுப் பேச்சை யாராவது பதிவு செய்ய வந்தால் நகல் வாங்காமல் வாசலைத் தாண்ட விடாதீர்கள். விட்டுவிட்டீர்களா? பதிவு செய்தவர் கருமாதிக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.