வெந்நீர்த் தொட்டியில் ஒரு புத்தகம்

கெத்தில் தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசுவார். "வழி திறந்திருக்கு" என்பார், அல்லது "வழி மூடியாச்சு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் எங்கள் ஹ்வால்விக் ஊரில் பாதிரியார் சொல்வதைச் சந்தேகிக்கிறவர்கள் உண்டு. மருத்துவர் சொல்வதைச் சந்தேகிக்காதவர்களே கிடையாது. ஆனால் மலைச்சாலையைப் பற்றி கெத்தில் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை. இருபத்தாறு ஆண்டுகளாகப் பனி வாரும் லாரியை ஓட்டுகிறவர்.

இப்படி இரண்டு சொல்லில் பிழைப்பு நடத்துகிற மனிதருக்குப் புத்தகம் எழுதும் ஆசை வந்ததுதான் விசேஷம். அந்த மலைச்சாலையில் யார் யார், எந்த வருடம், எப்படிப் பனியில் மாட்டிக்கொண்டார்கள் என்பதுதான் புத்தகம். ஆளுக்கொரு அத்தியாயம். ஊரில் மாட்டாதவர்கள் குறைவு என்பதால் சரக்குக்குப் பஞ்சமில்லை. இருந்தும் எழுதி முடிக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. பழி முழுவதும் எங்கள் மேல்தான் விழுந்தது. நாங்களும் பெருமையோடு ஏற்றுக்கொண்டோம்.

நாங்கள் என்றால் நான்கு பேர். நகராட்சி நீச்சல் குளத்தின் வெந்நீர்த் தொட்டியில் செவ்வாய்தோறும் மாலை ஐந்து மணிக்குக் கழுத்தளவு உட்கார்ந்து, அவரவர் எழுதுவதை மற்றவர்களிடம் சொல்கிற கூட்டம். கெத்தில் ஒருவர். ஃபின்போகி இன்னொருவர், தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவர், ஒரு பெரிய இசைக்கோவையை எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாமவள் சோல்ரூன், ஆடு வளர்க்கிறவள், ஊராரைத் திட்டி எதுகை மோனையோடு பாட்டுக் கட்டுகிறவள். நான்காவது நான், பள்ளியில் டேனிஷ் மொழி நடத்துகிறேன். பிள்ளைகள் விரும்பாத பாடம். அதற்கு ஒரு நல்ல பாடநூல் எழுதுவது என் திட்டம்.

முதல் வாரம் கெத்தில் பன்னிரண்டு பக்கங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தார். பை ஒழுகியது. குளத்துக் காவலாளி ஸ்னோலாய்க், இலை அரிக்கும் வலையால் பக்கங்களை ஒவ்வொன்றாக அள்ளிப் போட்டாள்.

"இனிமே தொட்டிக்குள்ள தாள் வந்துச்சு, ஆளையும் சேர்த்து அரிச்சுப் போட்ருவேன்" என்றாள்.

அதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் விதி. தாள் கிடையாது. எழுதியதை வாயால் சொல்ல வேண்டும். அடுத்த செவ்வாய் சொன்னவர் வாயை மூடிக்கொள்ள, மற்றவர்கள் எது நினைவிருக்கிறதோ அதைச் சொல்வார்கள். நினைவில் நின்றது புத்தகத்தில் நிற்கும். நிற்காததை வீட்டுக்குப் போய் வெட்டிவிட வேண்டும். இலக்கிய விமர்சனத்தில் இதைவிட நேர்மையான முறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கருணையே இல்லாத முறை என்பது வேறு விஷயம். சோல்ரூனின் வசைப் பாட்டுகள் ஒன்றுவிடாமல் நின்றன. கெத்திலுக்கு வருடத்துக்கு ஏழு பக்கம் தேறியது. என் பாடநூலில் ஒரு வரியைக்கூட யாரும் ஒரு வாரம் நினைவில் வைத்திருக்கவில்லை. பதினோரு ஆண்டுகளாக அதன் தலைப்பு மட்டும் தயாராக இருக்கிறது.

போன கோடையில் எல்லா அத்தியாயங்களும் முடிந்துவிட்டதாக நினைத்தோம். எங்கள் நாட்டில் புத்தகம் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் விற்கிற பொருள். மற்ற மாதங்களில் வந்தால் அதை யாரும் புத்தகமாக மதிப்பதில்லை. அச்சகம் செப்டம்பர் முப்பதைக் கெடுவாகச் சொல்லியிருந்தது. கெத்தில் பத்துக் கெடுக்களைத் தவறவிட்டவர்.

"இந்த வருஷம் குடுத்துடு" என்றாள் சோல்ரூன்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார் கெத்தில்.

"யாரோடது?"

"பார்க்கலாம்."

"இந்த ஊர்ல மாட்டாத ஆளு நீ ஒருத்தன்தான்யா. உன்னைப் பத்தித்தான் எழுதணும், பெருமையா" என்றார் ஃபின்போகி. கெத்தில் மூக்குவரை தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். சோல்ரூன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். அதற்குப் பொருள் உண்டு என்பது மட்டும் புரியவில்லை.

அந்த ஆகஸ்டில் குளத்தின் ஓடுகள் பெயர்ந்துவிட்டன என்று நகராட்சி அதை மூடியது. வசந்தம் வரை திறக்காது. கூட்டத்தை ஃபின்போகி வீட்டுக்கு மாற்றினோம். சோபா, காப்பி, பாலாடைக் கேக். சோபாவில் தாள் நனையாது என்பதால் கெத்தில் தாளோடு வந்தார்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. கெத்தில் தலையை நிமிர்த்தாமல் வாசித்தார்: "பனி என்பது வானம் பூமிக்கு எழுதும் வெண்ணிற மடல்."

இதையே தொட்டியில் சொல்லியிருந்தால் சோல்ரூன் முகத்தில் தண்ணீர் அடித்திருப்பாள். அன்று அவள் கேக்கைப் பார்த்தபடி, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஃபின்போகி "அருமை" என்றார். நான் "ரொம்ப அருமை" என்றேன். மூன்று வாரத்தில் கெத்தில் நாற்பது பக்கம் எழுதினார். நாற்பதிலும் மடல் வந்துகொண்டே இருந்தது, கடைசி அத்தியாயம் மட்டும் வரவில்லை.

ஒரு நாள் மதியம் பள்ளிக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், உண்மைய சொல்லு. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு கெத்தில்."

"நீயுமா?" என்று குழந்தைகள் நாற்காலி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தார். "சட்டை போட்ட உடனே எல்லாருக்கும் மரியாதை வந்துருது. இப்படியே போனா நான் கடைசி அத்தியாயத்தை எழுதவே வேண்டாம். வெண்மடல்னு நாலு பக்கம் எழுதி ஒப்பேத்திடலாம். நீங்களும் விட்டுருவீங்க."

"அப்படி என்ன இருக்கு அந்த அத்தியாயத்துல?"

"தொட்டி இருந்தா சொல்லியிருப்பேன்."

இதை ஸ்னோலாய்க்கிடம் சொன்னேன். குளம் மூடியதிலிருந்து அதட்ட ஆளில்லாமல் அவள் வாடிப்போயிருந்தாள். மறுநாளே மீன் ஆலைக்குப் பின்னால், மீன் கொட்டி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டை ஒட்டிப் போட்டு, ஆலையின் வெந்நீர்க் குழாயை அதில் திருப்பிவிட்டாள். தொழிலாளர் குளியலறையில் சோப்புப் போட்டுக் குளிக்காமல் யாரும் இறங்கக் கூடாது என்று அங்கேயும் வாசலில் நின்றாள். ஐம்பது வருட மீன் நாற்றம் உள்ள தொட்டியில் இறங்க நாங்கள் சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

செப்டம்பர் பதினாறு. நான்கு டிகிரிக் குளிர், கடற்காற்று. கெத்திலும் சோல்ரூனும் ஒரு தொட்டியில். நானும் ஃபின்போகியும் மற்றதில்.

"காட் மீன் மாதிரி இருக்க" என்றாள் சோல்ரூன் கெத்திலைப் பார்த்து. "ஆனா அந்த மீனாவது வாயைத் திறக்கும்."

கெத்தில் திறந்தார்.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மே மாசம். கடைசிப் பனியை வாரிட்டு இறங்கிட்டிருந்தேன். நல்ல வெயில். ரோடு காய்ஞ்சு கிடக்கு. புத்தகத்துக்கு முதல் வரி தோணுச்சு. அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன். வளைவு வந்ததைக் கவனிக்கல. லாரி பள்ளத்துல இறங்கிடுச்சு. ரோட்டுக்குக் குறுக்கே பாதி உடம்பு. பனி வார்ற லாரி, பனியே இல்லாத ரோட்டுல மாட்டிக்கிச்சுன்னு எப்படிச் சொல்றது? ரேடியோவுக்குப் பேசினேன். வழி மூடியாச்சுன்னு சொல்லிட்டேன். மேல பனிப்புயல்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க. நாலு மணி நேரம்."

அந்த நாள் எங்களுக்கு நன்றாகவே தெரியும். நான் உட்பட பாடகர் குழு முப்பத்திரண்டு பேர் கம்பளி உடையில், பேருந்தில், மலையடிவாரத் தடுப்புக் கட்டையின் முன்னால் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. மேலே ஒரே ஒரு வெள்ளை மேகம் தெரிந்தது. அதுதான் புயல் என்று பயபக்தியோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மலைக்கு அந்தப் பக்கம் ஸ்கார்வா ஊரில் நடந்த பாட்டுப் போட்டியில், நாங்கள் வராததால் ஸ்கார்வாவே ஜெயித்தது. அந்தச் செம்புக் கோப்பை இன்றும் அவர்களுடைய பெட்ரோல் பங்க் கண்ணாடிக்குள் இருக்கிறது.

ஃபின்போகி தொட்டியிலிருந்து எழுந்து வெளியே இறங்கினார். ஜட்டியோடு, காற்றில், உடம்பெல்லாம் ஆவி பறக்க நின்றார்.

"பன்னெண்டு வருஷம்! பன்னெண்டு வருஷமா நான் அந்த ஊர்ல பெட்ரோல் போடலய்யா! ரெண்டு தடவை பாதி வழியில நின்னு போயிருக்கேன்!"

இன்னும் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் ஈர உடம்போடு நான்கு டிகிரியில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கோபமாக இருக்க முடியாது. பற்கள் தந்தியடிக்க மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"யாரு உன்னை இழுத்து விட்டது?"

"நான்தான்" என்றாள் சோல்ரூன். "வேலி சரி பண்ண டிராக்டர்ல போயிருந்தேன்."

"உனக்குத் தெரியுமா? ஏன்டி சொல்லல?"

"சத்தமாப் பாடுறேன்னு என்னைக் குழுவை விட்டுத் தள்ளினது மார்ச்ல. இது நடந்தது மே மாசம்." பிறகு கொஞ்சம் தணிந்து, "அவனே சொல்லுவான்னு பார்த்தேன். இவ்வளவு நாளாகும்னு நினைக்கல" என்றாள்.

"அந்த முதல் வரி என்ன?" என்று கேட்டேன்.

கெத்தில் தயங்கினார். "மலை எவருக்காகவும் காத்திருப்பதில்லை."

அதை எங்களிடம் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறார். மறுவாரம் ஒருவருக்கும் நினைவில்லாமல் வெட்டப்பட்டுவிட்டது.

"இதுக்கா?" என்றார் ஃபின்போகி. "இதுக்கா நாங்க முப்பத்திரண்டு பேரு காத்திருந்தோம்?"

அந்த வாரம் முழுவதும் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இது அச்சில் வந்தால் காலை ஐந்தே முக்காலுக்கு யார் நம்புவார்கள்? கெத்திலிடம் இருந்த ஒரே சொத்து அந்த இரண்டு சொற்கள்தான். அதைப் பணயம் வைத்து, கடைசி அத்தியாயமான எழுபத்தெட்டாம் பக்கத்தை எழுதத்தான் வேண்டுமா? மற்ற இருவரும் இதையேதான் யோசித்திருக்கிறார்கள். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் இருபத்துமூன்று. கெடுவுக்கு ஒரு வாரம். ஃபின்போகி வரமாட்டார் என்று நினைத்தோம். வந்து, குளித்து, இறங்கினார்.

"சரி, போன வாரம் சொன்னதுல யாருக்கு என்ன ஞாபகம் இருக்கு?" என்று வழக்கம்போல் நான் ஆரம்பித்தேன்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றார் ஃபின்போகி, குழாயைப் பார்த்தபடி.

"எனக்கும்தான். வயசாகுதில்ல" என்றாள் சோல்ரூன்.

"எனக்கும் வரல" என்றேன் நான். விதிப்படி அத்தியாயம் வெட்டுப்பட்டது. கெத்தில் பிழைத்தார்.

பதினோரு ஆண்டுகளாக, ஒரு வரியையாவது ஞாபகம் வைத்திருங்கள் என்று எங்களிடம் கெஞ்சியவர் அவர். அவருடைய நன்மைக்காக நாங்கள் முதல்முறையாக முழுவதையும் மறந்தபோது, முகம் சிவந்து எழுந்தார்.

"பொய் சொல்லாதீங்க! எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு! ஜட்டியோட காத்துல நின்னியே, மறந்துடுச்சா?"

"எழுதினவன் பேசக் கூடாது. விதி" என்றார் ஃபின்போகி.

"இந்த ஊர்ல எல்லாரும் மாட்டினதை எழுதிட்டேன். உன் பொண்டாட்டி அழுததைக்கூட எழுதிட்டேன். நான் மட்டும் தப்பிச்சா அது என்ன புத்தகம்?"

"உட்காரு. குளிரும்."

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்று ஒரு குரல் வந்தது.

குழாயருகே ஸ்னோலாய்க் நின்றிருந்தாள். கையில் அந்த இலை வலை. மீன் ஆலையில் இலைக்கு எங்கே போவது, பழக்கதோஷம். அவள் மேலே பார்த்துக்கொண்டு முதல் சொல்லிலிருந்து ஆரம்பித்தாள். மே மாசம், காய்ந்த ரோடு, வளைவு, ரேடியோ, நாலு மணி நேரம். ஒரு சொல் பிசகவில்லை. கெத்தில் தொட்டி விளிம்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ கூட்டத்துல இல்லையே" என்றார் ஃபின்போகி பலவீனமாக.

"பதினோரு வருஷமா பக்கத்துலயே நிக்கிறேன். ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா? எல்லா அத்தியாயமும் எனக்குத் தெரியும். டீச்சரோட பாடம் உள்பட."

என் பாடநூலின் முதல் பாடத்தை டேனிஷ் மொழியிலேயே ஒப்பித்தாள். நான் அதை வெட்டிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன.

"அந்த முதல் வரியும் ஞாபகம் இருக்கு" என்றாள். "மலை எவருக்காகவும்..."

"அதை மட்டும் வெட்டு" என்றார்கள் ஃபின்போகியும் சோல்ரூனும் ஒரே நேரத்தில்.

கெத்தில் வெட்டினார். வெண்மடல்கள் நாற்பது பக்கத்தையும் சேர்த்து வெட்டினார். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக அனுப்பினார். நவம்பர் தொடக்கத்தில் புத்தகம் வந்தது, எழுபத்தெட்டுப் பக்கம். ஊரில் வீட்டுக்கு ஒன்று விற்றது. எல்லோரும் முதலில் தங்கள் அத்தியாயத்தையும், பிறகு கடைசி அத்தியாயத்தையும் படித்தார்கள். அஞ்சலகத்திலும் கடையிலும் பேச்சு சட்டென்று நிற்பதை கெத்தில் கேட்டிருப்பார். கேட்காததுபோல் பால் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரமே பருவத்தின் முதல் பெரிய பனி. காலை ஐந்தே முக்காலுக்கு ஊரே வானொலியைத் திறந்து வைத்துக்கொண்டு காப்பியோடு உட்கார்ந்திருந்தது. கெத்திலின் குரல் வந்தது.

"வழி மூடியாச்சு."

தொலைபேசியை அவர் வைக்கவில்லை. பிறகு, இருபத்தாறு ஆண்டுகளில் முதல்முறையாக, மூன்றாவது சொல்.

"நிஜமாவே."

அன்று யாரும் கிளம்பவில்லை, ஃபின்போகியைத் தவிர. அவர் மட்டும் சரிபார்த்துவிட்டு வரலாம் என்று போனார். ஒன்பது மணிக்கு கெத்திலின் லாரி அவருடைய காரை இழுத்துக்கொண்டு இறங்கியது.

"நிஜந்தான்" என்றார் ஃபின்போகி, செவ்வாய்க்கிழமை, மீன் தொட்டியில், கழுத்தளவு தண்ணீரில். இரண்டாம் பதிப்புக்கு ஓர் அத்தியாயம் கிடைத்துவிட்டது. அதை அவரே சொல்லட்டும், அடுத்த வாரம் என்ன நிற்கிறது என்று பார்க்கலாம் என்றாள் ஸ்னோலாய்க். அவள் இப்போது தொட்டிக்கு உள்ளே உட்கார்கிறாள், வலையை மட்டும் விடாமல்.