எழுத்து முடிஞ்சுதோ?

போன சனிக்கிழமை நான் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டேனாம். எங்கள் ஊர் கரம்பொன் முழுக்க இதுதான் கதை. யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையாம். பதிவுத் திருமணமாம். எனக்கே ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரியவந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். பிறகு நீங்களே சொல்லுங்கள், எனக்குக் கோபம் வந்தது பிழையா என்று.

யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் படக்கதை ரசிகர்களின் ஒன்றுகூடல். பிடித்த கதாபாத்திரம் மாதிரி உடுத்திக்கொண்டு போகலாம். கொஸ்ப்ளே என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடத்தில் வினோத உடைப் போட்டி என்று வைப்பார்களே... அதேதான். வளர்ந்தவர்களும் செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. போனில் ஒரு படக்கதைத் தொடரை மூன்று வருடமாக விடாமல் வாசிக்கிறேன். அதன் நாயகி ஒரு கப்பல் தலைவி. அவளுக்கும் என் வயதுதான். முழங்கால் நோவும் உண்டு. ஆர் சொல்லும் கேட்கமாட்டாள். தோளில் இருந்து கணுக்கால் வரை சிவப்புப் போர்வை, அதற்குத் தங்கக் கரை. பார்த்த நாளிலிருந்து அந்தப் போர்வை மேல் எனக்கொரு கண்.

சிவப்பு — இங்கேதான் சிக்கல். என் கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து நான் கட்டுவதெல்லாம் சாம்பல், மங்கல் நீலம், வெளிறிய மண்நிறம். வெள்ளை கட்டு என்று இந்தக் காலத்தில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. “மெல்லிய கலர்தான் உமக்கு வடிவு” என்பார்கள். அழுத்தமான நிறத்தைக் கையில் எடுத்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பார்ப்பார்கள்.

என் அலுமாரியில் சிவப்பென்று இருந்தது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்குக் கட்டிய கூறைச்சேலை. ஒரு மாதம் யோசித்தேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்தேன். இரண்டு இரவில் அது போர்வையாகிவிட்டது.

சனிக்கிழமை காலை தொப்பியும் காட்போட் வாளும் பைக்குள். போர்வையை மடித்தால் சரிகை கசங்கும் என்று தோளிலேயே போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்து வீட்டு மனோன்மணி அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

“எங்க பிள்ளை, இந்தக் காலமையில?”

“யாழ்ப்பாணம் அக்கா. போய்ப் பதியவேணும். ஒன்பதரைக்கு முன்னம் பதியாட்டி உள்ள விடமாட்டினம்.”

அக்கா என் தோளைப் பார்த்தார். சரிகையைப் பார்த்தார்.

“கூறை மாதிரிக் கிடக்கு.”

“கூறைதான் அக்கா.”

“தனியவோ போறீர்?”

“அங்க ஆக்கள் நிப்பினம்.”

அக்காவின் கண் கலங்கியது. “நல்லாயிரும் பிள்ளை,” என்று என் கையைப் பிடித்தார். முழங்கால் நோவோடு அலைகிறேனே என்ற இரக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

மண்டபத்து வாசலில் நீலத் தலைமுடி வைத்த ஒரு பெண் பெயர் பதிந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், “அம்மா, பிள்ளையள உள்ள விட்டிட்டு நீங்கள் அங்கால கதிரையில இருக்கலாம்,” என்றாள்.

“பிள்ளை ஒருத்தரும் இல்லை. நான்தான் வேடம் போட்டு வந்தனான்.”

“நீங்களோ?”

அந்த ‘நீங்களோ’வில் இருந்த ஆச்சரியத்தை எந்தப் போர்வையாலும் மூட ஏலாது. பட்டியலில் என் பெயர் இருந்தபடியால் விட்டாள்.

பின்னேரம் பரிசளிப்பு. மேடையில் வாளைச் சுழற்றிக் காட்டிவிட்டுத்தான் இறங்கியிருந்தேன். எனக்கும் ஒரு பரிசு கிடைத்தது. என்ன பரிசு தெரியுமா? ‘பிள்ளைகளை ஊக்குவிக்கும் சிறந்த தாய்.’ எனக்குப் பிள்ளைகள் இல்லை. எந்தப் பிள்ளையின் தாய் என்று நடுவர்களில் ஒருவராவது கேட்கவேண்டாமா? ஐம்பது தாண்டிய பெண் என்றால் யாரோ ஒருவருக்குத் துணையாகத்தான் வந்திருப்பாள்... அவ்வளவுதான் கணக்கு.

ஒரேயொரு பிள்ளை மட்டும் என்னைக் கண்ட தூரத்திலேயே நின்று சல்யூட் அடித்தாள். “கப்டன், உங்களோட ஒரு படம் எடுக்கலாமோ?” என்றாள். ஆறு வருடமாக என்னைப் படமெடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அழுகை வந்துவிட்டது. கப்பல் தலைவிகள் அழுவதில்லை என்பதால் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டேன்.

“வேடம் போட்டு வெளிய வந்தது இதுதான் முதல்தரமோ?” என்று அவள் கேட்டாள். ஓம் என்றேன்.

ஞாயிறு காலை ரொறன்ரோவில் இருந்து தம்பியின் போன்.

“அக்கா, எழுத்து முடிஞ்சுதோ?”

இந்தப் பத்தியைக் கேட்கிறான் என்று நினைத்தேன். கிழமைக்குக் கிழமை பத்திரிகைக்கு எழுதுகிறவளுக்கு எழுத்தென்றால் வேறென்ன?

“எங்கயடா. செவ்வாய்க்கு முன்னம் முடிக்கவேணும்.”

“அப்ப நேற்றுக் கூறையோட போனது?”

“போனதுதான். அதைப் பற்றித்தான் எழுதப்போறன்.”

“ஆள் ஆர் அக்கா?”

“எந்த ஆள்?”

“மாப்பிள்ளை.”

அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் எழுத்தென்றால் கல்யாணப் பதிவு. கூறையோடு போகிறேன், பதியப் போகிறேன், அங்கே ஆட்கள் நிற்பார்கள்... எல்லாவற்றையும் மனோன்மணி அக்காவுக்கு என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். பஸ் பண்ணைப் பாலம் தாண்ட முன்னமே செய்தி கடல் தாண்டியிருக்கிறது.

விளக்கிச் சொன்னேன். “விசர் வேலையோ? நான் பயந்திட்டன்,” என்று பெருமூச்சு விட்டான். நான் தனியாக இருப்பதில் அவனுக்குப் பயமில்லை. துணை தேடினேன் என்றதும்தான் பயம் வந்திருக்கிறது.

பிறகு குரலை இறக்கிக் கேட்டான். “ஆனாலும் அக்கா, கூறையைப் போய் வெட்டினனீங்களே. அத்தானை ஒருக்கா நினைச்சுப் பாத்தனீங்களோ?”

அந்தக் கேள்விக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அவனுடைய அத்தான் தீபாவளிக்குத் தீபாவளி எனக்குச் சேலை எடுத்தவர். நான் பச்சையைக் காட்டினாலும் அவர் சிவப்பைத்தான் எடுப்பார். அவர் தந்த நிறம் அது. அவர் செத்த அன்றைக்கு அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அவரில்லை, மற்றவர்கள். அலுமாரிக்குள் பாச்சை உருண்டையோடு கிடந்தால் அது நினைவு, என் தோளில் கிடந்தால் அவமரியாதையா?

அதைவிட, எப்படி இருந்தது, சந்தோசமாக இருந்தாயா என்று இந்த நிமிடம் வரை ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

சல்யூட் அடித்த பிள்ளைக்கு நான் ஓம் என்றது பொய். வேடம் போட்டு வெளியே போனது எனக்கு அது முதல்தரம் இல்லை. சாம்பல் சேலையோடு ஆறு வருடம் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வந்திருக்கிறேன். அந்த வேடத்துக்கு மட்டும் யாரும், “நீங்களோ?” என்று கேட்கவில்லை.

நேற்று ஒரு சிவப்புச் சேலை வாங்கினேன். அதைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கேட்ட எல்லோருக்கும் சொல்கிறேன்: ஓம், எழுத்து முடிஞ்சுது. மாப்பிள்ளை இல்லை, சாட்சிக்குத்தான் இரண்டு பேர் வேண்டும் — படலையடியில் நிற்கிறவர்களே வந்து கையெழுத்து வைக்கலாம்.