பூக்கட்டிப் பார்த்த தீவு

எங்கள் சொந்தபந்தத்தில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாத ஆள் கிடையாது. சொல்லட்டும், நான் பயப்படுகிறவள்தான். இடிக்குப் பயம், மாட்டுக் கொம்புக்குப் பயம், தந்திக்காரர் சைக்கிள் மணிக்குப் பயம். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீருக்குப் பயம். நான் பிறந்தது நாகலாபுரத்துப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். அங்கே தண்ணீர் என்றால் கிணற்றின் அடியில் கிடப்பது. நாம்தான் குனிந்து தேடிக் கயிறு போட்டு மேலே கொண்டுவர வேண்டும். அது நம்மைத் தேடி வந்து காலைப் பிடிக்காது. சின்ன வயதில் திருச்செந்தூர்க் கடலில் நின்றபோது அலை வந்து என் காலுக்கடியில் இருந்த மணலை உருவிக்கொண்டு போனது. என் உள்ளங்கால் அதை இன்றுவரை மறக்கவில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் ஒரு கப்பல்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கிரேக்க முதலாளி ஒருவரின் சரக்குக் கப்பலில் அவருக்கு எஞ்சினியர் வேலை. வீடு கோவில்பட்டியில். மாமனாருக்குக் கடலைமிட்டாய் வியாபாரம். வீட்டுப் பின்கட்டிலேயே பாகு காய்ச்சி, கடலை கொட்டி, வில்லை போட்டு, கடைக்கு அனுப்புவார்கள். கல்யாணம் முடிந்து லீவு தீர்ந்ததும் அவர் கப்பலுக்குப் போய்விட்டார். நான் அத்தை மாமாவோடு பாகுச் சட்டி பக்கத்தில் நின்றேன். எண்பதுகளின் ஆரம்பம் அது.

ஒரு கோடையில் அவரிடமிருந்து கனமான உறை ஒன்று வந்தது. உள்ளே கடிதமும் மூன்று படத் தபால் அட்டைகளும். கப்பலைப் பழுதுபார்க்கக் கிரேக்க நாட்டிலேயே நிறுத்தியிருக்கிறார்களாம். அவருக்கு லீவாம். நான் அங்கே வருவதற்குக் கம்பெனியே டிக்கெட் தருகிறதாம். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: ‘எங்காவது ஒரு தீவில் போய் நிம்மதியாக ஓய்வெடுக்க வேண்டும்போல் இருக்கிறது. மூன்று தீவுகளின் படம் அனுப்பியிருக்கிறேன். எதற்குப் போகலாம் என்று நீயே சொல்.’

நான் சத்தமாக வாசித்து முடித்தேன். கடலைத் தோலியைப் புடைத்து ஊதிக்கொண்டிருந்த அத்தை சுளகை அப்படியே கீழே வைத்தார்.

“ஓய்வா? அவன் எதுக்கு ஓய்வெடுக்கணும்?”

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் சீமையில் ஓய்வு என்பது வைத்தியர் வாயிலிருந்து வருகிற சொல். நல்லா இருக்கிறவன் ஓய்வெடுக்க மாட்டான். லீவு கிடைத்தால் குலதெய்வம் கோயிலுக்குப் போவான், வீட்டுக்கு வெள்ளையடிப்பான், தங்கச்சிக்கு மாப்பிள்ளை தேடுவான். எங்கள் தெருவில் ஓய்வுக்கென்று போனது ஒரே ஒரு மனிதர்தான். மில்லில் வேலை பார்த்தவர். நெஞ்சில் சளி கட்டி, ‘காத்து மாறினா சரியாப் போகும், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்’ என்று மலைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தது அவருடைய டிரங்குப் பெட்டி மட்டும்.

மாமா கணக்காக யோசிக்கிறவர். “கம்பெனிக்காரன் சும்மா டிக்கெட் குடுப்பானா? பொண்டாட்டியக் கூப்பிட்டுக் காட்டிருவோம்னு…” என்று ஆரம்பித்தவர், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு வெல்ல மூட்டையை அவிழ்க்கப் போய்விட்டார். அவர் முழுங்கிய மிச்ச வார்த்தைகள் என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டன. என் கணவருக்கு என்ன? சிறுநீரகமா, ரத்தமா, இதயமா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நானோ வெளிச்சத்திலேயே பேய் பார்க்கிறவள்.

படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். தீவுகளின் பெயர்கள் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அட்டைக்குப் பின்னால் அவர் எழுதியிருந்ததுதான் எங்களுக்குத் துணை. முதல் அட்டையில் காரும் கட்டடமுமாகப் பெரிய ஊர். ‘பெரிய தீவு. ஆஸ்பத்திரி, விமான நிலையம் எல்லாம் உண்டு.’ இரண்டாவதில் ஒரே பச்சை. ‘நிழலும் ஊற்றுத் தண்ணீரும் இருக்கிறது.’ மூன்றாவதில் ஒரு மொட்டை மலை, அதன் தலையில் கொஞ்சம் வெள்ளை வீடுகள், மரம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. ‘இங்கே ஒன்றுமே இல்லை. கப்பல் எப்போதாவதுதான் வரும்.’

“பாத்தியா, ஆஸ்பத்திரின்னு அவனே எழுதியிருக்கான்” என்றார் மாமா மெதுவாக. அவர் முதல் தீவைப் பிடித்துக்கொண்டார். அத்தை இரண்டாவதை. “பொண்ணு குடுக்கும்போதே அந்த ஊர்ல தண்ணி எப்படின்னு பாத்துட்டுத்தான் குடுக்கோம். சீக்காளிய அனுப்புத எடத்துல தண்ணி பாக்க வேண்டாமா?” என்று கேட்டார். மகன் சீக்காளி என்பது அதற்குள் முடிவாகிவிட்டது. நானும் முதல் தீவுக்குத்தான். ஆஸ்பத்திரி ஒரு காரணம். பெரிய தீவின் நடுவில் போய் நின்றுகொண்டால் கடல் கண்ணில் படாது என்பது வெளியே சொல்லாத காரணம். மொட்டை மலையை யாரும் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

வீட்டில் பேச்சு முற்றி அத்தையும் மாமாவும் முகம் கொடுக்காமல் இருந்தார்கள். கடைசியில் அத்தை, “பூக்கட்டிப் பாத்திருவோம்” என்றார். கல்யாணம், வீடு, கிணறு எதுவானாலும் மனசு ரெண்டுபட்டால் எங்களுக்கு அதுதான் வழி. நிறத்துக்கு ஒரு சங்கதி என்று நினைத்துக்கொண்டு, பூக்களைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்ல வேண்டும். கழுகுமலைக் கோயிலுக்குப் பஸ் ஏறினோம். முதல் தீவுக்கு வெள்ளை அரளி, இரண்டாவதுக்குச் சிவப்பு. அத்தையின் கை மூன்றாவது பொட்டலமும் கட்டியது, மஞ்சளில்.

“அது எதுக்கு அத்தை?”

“அவன் மூணுதான அனுப்பியிருக்கான்? சாமிகிட்டப் போயி ஒண்ண மறைக்கச் சொல்லுதியா?”

அம்மாவோடு சாமி கும்பிட வந்திருந்த ஒரு சின்னப் பெண் குழந்தையைக் கூப்பிட்டோம். அது மூன்றையும் பார்த்துச் சிரித்துவிட்டு, ஓரத்தில் இருந்ததை எடுத்து என் கையில் வைத்தது. பிரித்தேன். மஞ்சள்.

அத்தையின் முகம் சாம்பலாகிவிட்டது. இன்னொரு தரம் எடுக்கச் சொல்லலாமா என்று மாமா முணுமுணுத்தார். “சாமி சொன்னதுக்கு மேல மறுபேச்சு ஏது?” என்று அத்தை சொல்லிவிட்டார். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அழக்கூட இல்லை. என் கணவருக்கு ஆஸ்பத்திரி தேவையில்லை என்று சாமியே சொல்லிவிட்டது. அப்படிச் சொல்ல இரண்டு காரணம் இருக்க முடியும். ஒன்று, நோய் இல்லை. இன்னொன்றை நினைக்காமலிருக்க, ஜன்னலுக்கு வெளியே போன பனைகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது தீவு என்று பதில் எழுதிவிட்டுப் பாஸ்போர்ட்டுக்கு அலைந்ததும், பம்பாயில் மாமா என்னை விமானத்துக்கு அனுப்பிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றதும் தனிக் கதை. பெட்டி நிறையப் பத்தியச் சாமான். நொய்யரிசி, சுக்கு, மிளகு, கருப்பட்டி, உப்பு நார்த்தங்காய், அத்தை மடித்துக் கொடுத்த திருநீறு. விமானம் கடலுக்கு மேலே போகிறது என்று தெரிந்ததும் கண்ணை மூடினவள்தான், இறங்கும்வரை திறக்கவில்லை.

கிரேக்க நாட்டு விமான நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்து நின்றவரைப் பார்த்தால் முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், நகத்தை அமுக்கிப் பார்த்தேன்.

“ஏட்டி, மாட்டுச் சந்தையில பல்லப் பாக்கிற மாதிரியில்ல பாக்கே!”

“எங்கன வலிக்கு? மறைக்காமச் சொல்லுங்க.”

“எங்கனயும் வலிக்கல. வா.”

தீவுக்குப் போகும் கப்பலில் ஏறினோம். எனக்கு உள்ளங்கால் கூசியது. அவர் என்னை மேல்தளத்திலேயே கம்பி ஓரமாக நிறுத்திக்கொண்டார். கரை மறைந்ததும் காற்று பிய்த்துக்கொண்டு போனது. மற்ற எல்லோரும் கீழே இருக்கைகளுக்கு இறங்கிவிட்டார்கள். நாமும் போகலாமே, குளிருதே என்றேன். “இங்கயே நிப்போம். காத்து வேணும்” என்றார். நெஞ்சுச் சளிதான் என்று எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது. வழி முழுக்க என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். என் பயம் தெரிந்து பிடித்திருக்கிறார் என்று, அந்தக் கிலியிலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

தீவைப் பார்த்ததும் ஆச்சரியமாகிவிட்டது. எங்கள் குருமலையைத் தூக்கிக் கொண்டுபோய்க் கடலுக்கு நடுவில் வைத்ததுபோல் இருந்தது. அதே கல், அதே முள், அதே வெயில். நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மா கறுப்புச் சேலை மாதிரி ஏதோ சுற்றிய பெரிய மனுஷி. பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கீழே விடாமல் செடிக்கு ஊற்றினார். என் அம்மா செய்கிற வேலை. எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போனது. கடல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, என் கணவருக்கு நொய்க்கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். மிளகு ரசம் வைத்தேன். நடக்காதீங்க, படுங்க என்றேன். அவரும் பேசாமல் படுத்தார், கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்து வைத்துவிட்டு. அவர் எதிர்த்துப் பேசாததுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

ஒருநாள் காலையில் வீட்டுக்காரம்மா சைகையால் எங்களைக் கூப்பிட்டார். முற்றத்தில் ஒரு கனத்த இரும்புக் கதவு. அதைத் திறந்தால் கீழே படிகள். மாரிக்காலத்து மழைத் தண்ணீரைக் கூரையிலிருந்து வழியவிட்டு வீட்டுக்கு அடியிலேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள். கல்லில் கட்டிய நிலத்தடித் தொட்டி. எனக்குக் கால் நிற்கவில்லை, தடதடவென்று இறங்கிவிட்டேன். இருட்டில் தண்ணீர் அசையாமல், கறுப்பாக, சாதுவாகக் கிடந்தது. எனக்குத் தெரிந்த தண்ணீர். குனிந்து அள்ளிக் குடித்தேன், இனித்தது.

“வந்து பாருங்களேன்!” என்று நிமிர்ந்தேன்.

அவர் வரவில்லை. மேல்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்து, ஒரு காலை அடுத்த படியில் வைக்கப் பார்த்தும் வைக்க முடியாமல் நின்றார். வீட்டுக்காரம்மா கதவை லேசாக அசைத்தார், அவ்வளவுதான். அந்த இரும்பு கிரீச்சிட்டதும் என் கணவர் முற்றத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடி ஏறினேன். நெஞ்சுதான், முடிந்தது, இங்கே ஆஸ்பத்திரி கிடையாது என்று ஒரு நொடியில் எல்லாம் ஓடியது. திருநீற்றை எங்கே வைத்தேன் என்று மறந்துபோனது.

அவர் என் கையைப் பிடித்தார். கப்பலில் பிடித்தாரே, அதே பிடி.

“சீக்கு இல்லட்டி. எஞ்சின் ரூம்ல தீப்பிடிச்சிட்டு. அதுக்குத்தான் கப்பலப் பழுதுபாக்காவ. தீ பரவக் கூடாதுன்னு, நான் உள்ள இருக்கது தெரியாம மேல இருந்து கதவ அடச்சிட்டாவ.”

நான் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தேன்.

“அப்புறம் தொறந்துட்டாவ. ஒடம்புல ஒரு பொட்டுக் காயம் இல்ல. ஆனா அதுக்கப்புறம் கீழ எறங்க முடியல. படியப் பாத்தாலே மூச்சு அடைக்கு. என் வேலையே கீழதான? பயமா இருக்குட்டி. இத யார்கிட்டச் சொல்லுவேன்? ஓய்வுன்னு எழுதிப்போட்டேன்.”

நோய் என்றால் நான் தயாராகத்தான் வந்திருந்தேன், பெட்டி நிறைய மருந்தோடு. இதற்கு என்னிடம் சுக்கும் இல்லை, மிளகும் இல்லை. ஆனால் பயம் எனக்குப் புதிதா? அந்த ஒரு விஷயத்தில் நான் அவருக்கு ரொம்ப மூத்தவள். தலையைத் தடவிக்கொண்டே, “எறங்க வேண்டாம். ஊருக்குப் போயிருவோம்” என்றேன். எனக்கும் பயம்தான். கப்பல் வேலையை விட்டால் என்ன பிழைப்பு, ஊர் என்ன பேசும் என்று எல்லாப் பயமும் வரிசையாக வந்து நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பும்போதும் மேல்தளத்தில்தான் நின்றோம். இந்தத் தடவை நான்தான் முதலில் கையை நீட்டினேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், பயப்படாதே என்று எனக்குச் சைகை காட்டினார். நானும் பயந்தவளாகவே தலையை ஆட்டிக்கொண்டேன்.

கோவில்பட்டியில் வந்து இறங்கிய அன்று, இலை போட்டுச் சாப்பிடும்போது அத்தை மகனைக் கேட்டார். நல்லாத்தானே இருக்கே, பிறகு ஏன் கப்பல் வேலையை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தே என்று. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“நாந்தான் அத்தை” என்றேன். “எனக்குக் கடலப் பாத்தாலே பயமா இருக்கு. இனி அவியள விடமாட்டேன்னு அழுதேன்.”

“நெனச்சேன்!” அத்தை தலையில் அடித்துக்கொண்டார். “பயந்தாங்கொள்ளி! ஒன் பயத்துக்கு எம்பிள்ள பொழப்பக் கெடுத்துட்டியே!”

அவர் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அவசரமாக இன்னொரு கரண்டிச் சோற்றை அள்ளி அவர் இலையில் வைத்தேன்.