வராதவரின் பங்கு

ஷியா முஸ்லிம் சட்ட அறிஞர்களின் அரசியல் சிந்தனையை ஆராய்கிறேன் என்றால், நல்லம்பள்ளி பஸ்ஸில் யாரும் மேற்கொண்டு பேச்சுக் கொடுப்பதில்லை. அது எனக்கு வசதிதான்.

என்னைப் பிடித்து வைத்தது ஒரு பங்கு. அவர்களுடைய கடைசி இமாம் இறக்கவில்லை, கண்ணுக்குப் படாமல் மறைந்திருக்கிறார், ஒருநாள் வருவார் என்பது நம்பிக்கை. அதுவரை மக்கள் வருமானத்தில் அவருக்குச் சேரவேண்டிய பங்கை என்ன செய்வது? தொடக்கத்தில் சிலர், புதைத்தாவது பத்திரப்படுத்து என்றார்கள். அரசுகள் கவிழ்ந்து, படைகள் வந்துபோய், மக்கள் கேட்க நாதியில்லாமல் நின்ற காலங்களுக்குப் பின் வந்தவர்கள், அவர் சார்பில் நாங்களே எடுத்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். பங்கோடு நிற்கவில்லை, தீர்ப்பு சொல்வதும், கடைசியில் ஆட்சியும்கூட அந்த வழியில்தான் அறிஞர்கள் கைக்கு வந்தன. ஆய்வேட்டில் இந்த அத்தியாயத்துக்கு 'அபகரிப்பு' என்று தலைப்பு வைத்தேன். நெறியாளர் அதை வட்டமிட்டு, "அந்தக் காலத்துல வெளியே என்ன நடந்ததுன்னு எழுதினியா?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் ஊரிலும் வராத ஒருவர் உண்டு. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் குடும்பத்தோடு பெங்களூர் போய்ப் பல வருடமாகிறது. இருந்தாலும் அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு வள்ளம் அளவு ராகி, அவருக்கென்று கோயில் அறையில் உள்ள தானியக் குதிரில் போடுவது நிற்கவில்லை. அறைச் சாவி அப்பாவிடம் இருந்தது. போன வருடம் விதைத்தது முளையிலேயே கருகிவிட, மறுபடி விதைக்க யாரிடமும் ராகி இல்லை. அப்பா யாரையும் கேட்கவில்லை. அறையைத் திறந்து வீடுவீடாக அளந்து கொடுத்தார்.

"அது உங்களுது இல்லையேப்பா," என்றேன்.

"பூச்சி தின்னா குத்தமில்ல, ஊரு வெதைச்சா குத்தமா? அவுரு வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்."

மழை வந்தது, ராகி விளைந்தது. அதற்குப் பிறகுதான் ஊர் கூடியது. வாங்கி விதைத்தவர்களே, "கேக்காம தொறந்தது தப்புங்க," என்றார்கள். படித்தவள் என்று என்னையும் கேட்டார்கள். "தப்புதாங்க," என்றேன். அப்பா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கீழே வைத்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

வெளியே என்ன நடந்தது என்று எழுத உட்கார்ந்தபோது, எங்கள் கருகிய ராகிக் கொல்லைதான் கண்ணில் நின்றது. 'அபகரிப்பு' என்ற தலைப்பை அடித்துவிட்டேன். அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறது என்றார் நெறியாளர். வெட்கமாக இருந்தது. ஊர் முன்னால் நான் சொன்னதுதான் தப்பு என்று அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

இந்த அறுப்புக்கும் அவர் எங்கள் வீட்டு வள்ளம் ராகியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார். புதிய சாவிக்காரர் வரும்வரை பூட்டிய கதவுக்கு முன்னால் வெயிலில் நின்றார்.