தோளுக்கு ஆள் விசாரித்தது

வலது கை தோளுக்கு மேலே எழும்ப மறுத்தபோது எனக்கு வலியைவிட வேலைதான் பெரிய கவலையாக இருந்தது. சேலைச் சட்டை தைக்கிறவள் நான். லண்டன் ஈஸ்ட் ஹாமில் என் வீட்டு முன்னறைதான் கடை. கை எழும்பாவிட்டால் எதிரே நிற்பவரின் தோளில் அளவுநாடாவை வைக்க முடியாது.

டொக்டர் கையைத் தூக்கிப் பார்த்து, “ஃப்ரோசன் ஷோல்டர்” என்றார். தோள்மூட்டு இறுகிப்போய்விட்டதாம். பிசியோதெரபிக்குப் பெயரைப் பதிந்துவிட்டார். அந்த வரிசையோ மாதக்கணக்கில் நீண்டது.

அப்போது சட்டை தைக்க வந்த ஒரு அக்கா சொன்னார்: “பிளேஸ்டோவிலை ஒராள் இருக்கிறா. அவ பிடிச்சுவிட்டா, கையைக் கழட்டி எண்ணெய் போட்டுத் திருப்பிப் பூட்டின மாதிரி இருக்கும்.”

எனக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒருவர் ஒரு விஷயத்தை அழகாகச் சொல்லிவிட்டால் அது உண்மை என்றே பட்டுவிடும். ஆனாலும் விசாரிக்காமல் போகவில்லை. லண்டனின் மறுகோடியில், ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் மச்சாளுக்குப் போன் எடுத்தேன். அந்தப் பெண் யாருடைய மகள், ஊரில் எந்தப் பகுதி, எங்கே கலியாணம் செய்தவர் என்று ஒன்றையும் விடவில்லை.

“பயப்பிடாதை. நல்ல ஆக்கள்,” என்றார் மச்சாள். “தமையன் எங்களோடை ஜெர்மனியிலை இருந்தவன். அங்கையிருந்துதான் எல்லாரும் லண்டனுக்கு வந்தனாங்கள்.”

போனேன். அந்தப் பெண்ணும் என்னை விசாரித்தார். தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எங்களுக்குப் பொதுவாக இரண்டு சொந்தங்களைக் கண்டுபிடித்துவிட்டோம். பிறகு எண்ணெயைச் சூடாக்கி, முழங்கையால் அழுத்தத் தொடங்கினார். “கொஞ்சம் நோகும், பொறுங்கோ,” என்றார். பொறுத்தேன். அடுத்த நாள் தலை வாரவும் முடியவில்லை. எங்களைப் பற்றி எல்லாம் பேசினோம், தோளைப் பற்றி ஒரு கேள்வியும் அங்கே எழவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மகள்தான் தலை வாரிவிட்டாள்.

“அம்மா, அவவுக்கு லைசன்ஸ் இருக்கோ?”

“அவவின்ரை தமையனை மச்சாளுக்கு நல்லாத் தெரியும்.”

“தமையனோ உங்கடை தோளைப் பிடிச்சவர்?”

நம்மவரிடம் சான்றிதழைக் காட்டு என்று கேட்பது முகத்தில் அடிப்பது போல என்று நினைக்கிறவள் நான். கேட்டிருந்தால் அவர் கோபித்திருப்பார். கேட்காததற்கு என் தோள் கோபித்தது.

அன்று மகள் எனக்கு விளங்கப்படுத்தினாள். இந்த நாட்டில் யாரும் தன்னை மசாஜ் செய்கிறவர் என்று சொல்லிக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது. எங்கள் பக்கத்தில் மசாஜ் செய்யும் கடைக்குத்தான் உள்ளூர்க் கவுன்சிலின் லைசன்ஸ் வேண்டும். ஆளைப் பொறுத்தவரை, படித்துத் தேறியவர்கள் விரும்பிப் பெயர் பதியும் பட்டியல்கள் இருக்கின்றன. பெயர் இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். இருவருமாகத் தேடி, ஒரு பெயரைத் தெரிந்தெடுத்து, பட்டியல் வைத்திருப்பவர்களுக்கே போன் செய்து உறுதிப்படுத்தினோம். மச்சாளுக்குச் சொல்லவில்லை.

அந்தப் பெயருக்குரியவர் ஒரு மலேசியத் தமிழ்ப்பெண். படிக்க வந்து இங்கேயே தங்கியவர். அவர் கடைச் சுவரில் இருந்த கவுன்சில் லைசன்ஸை நான் கண்ணாடி போட்டு வாசித்து முடிக்கும்வரை சிரித்தபடி நின்றார். “நல்லா பாருங்க ஆண்ட்டி. பாக்குறவங்க ரொம்பக் குறைவு.” பிறகு ஒரு படிவத்தைத் தந்தார். “இனி நான் உங்களை விசாரிக்கணும்.”

இரண்டு பக்கம். ஒப்பரேஷன், இரத்த அழுத்தம், குடிக்கும் மருந்துக் குளிசைகள். நீரிழிவு இருக்கிறதா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று கோடு போட்டேன்.

இருந்தது, ஆறு வருடமாக. எங்கள் வீட்டையும் டொக்டரையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். “தாய்க்குச் சீனியாம்” என்ற ஒரு வசனம் ஈஸ்ட் ஹாமில் புறப்பட்டால், நான் வீடு வந்து சேருமுன் ரெய்னர்ஸ் லேனுக்குப் போய்விடும்.

அவர் படிவத்தைப் பார்த்தார். “இனிப்புநீர் இல்லைன்னு போட்டிருக்கீங்க. சோதிச்சுப் பார்த்தீங்களா? அது உள்ளவங்களுக்குத் தோள் இப்படி இறுகுறது அதிகம். சிலருக்கு உணர்ச்சியும் மரத்திருக்கும். நான் கூடுதலா அழுத்தினா உங்களுக்கே தெரியாது.”

படிவத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

“இந்தக் கடதாசியை வேறை ஆர் பாப்பினம்?” என்று கேட்டேன்.

“நான் மட்டும்தான். வெளியில சொன்னேன்னு தெரிஞ்சா, நான் பேர் பதிஞ்சிருக்கிற பட்டியல்லருந்து என்னை எடுத்துருவாங்க.”

மச்சாள் சொன்ன ‘நல்ல ஆக்கள்’ உண்மையிலேயே நல்ல ஆக்கள்தான். ஆனால் என் கதை வெளியே போனால் அவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை. எதிரே இருந்தவருக்கு இருந்தது. யாருடைய மகள் என்றே எனக்குத் தெரியாத அந்தப் பெண்ணிடம் பேனாவைத் திருப்பிக் கேட்டேன். கோட்டை வெட்டி, ‘ஆம்’ என்று எழுதி, குளிசையின் பெயரையும் எழுதினேன்.

அன்று அவர் எண்ணெய்ப் போத்தலைத் திறக்கவில்லை. டொக்டரிடம் சீனியின் அளவைப் பார்த்துவரச் சொன்னார். “இது குணமாக ஒரு வருஷம் கூட ஆகலாம் ஆண்ட்டி. சீக்கிரம் ஆகும்னு நான் சொல்லமாட்டேன்.” பிறகு எனக்குப் பின்னால் வந்து நின்றார். “வலிக்கிற இடம் வரைக்கும் மட்டும் தூக்குங்க.”

தூக்கினேன். கை நெஞ்சு வரைக்கும் வந்து நின்றது. “போதும்,” என்று சொல்லி, அந்த உயரத்தை என் படிவத்தில் குறித்துக்கொண்டார்.