சிவப்புக் காரின் சொந்தக்காரர்கள்

"வாங்கின காரை ஏன் ஓட்டவில்லை?"

அரசாங்கம் ஒரு மனிதனிடம் இப்படியும் ஒரு கேள்வி கேட்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வேகமாக ஓட்டினாய் என்பார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினாய் என்பார்கள். ஓட்டாததற்காக ஒருவனை உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்ததை போன மாதம்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவன் நான்.

மூன்று வாரமாக இந்த இடத்தில் மழை, பல்வலி என்று எதையோ எழுதி ஒப்பேற்றுகிறேன் என்று சில வாசகர்கள் கோபித்துக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறீர்கள். நியாயமான கோபம்தான். கை எதையோ எழுதியது, மனசு இந்தக் காரிலேயே கிடந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

கார் என் நண்பன் செல்வினுடையது. நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கொல்லயில் என்ற ஊர்க்காரன். பாறசாலையில் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். பன்னிரண்டு வருஷமாக துபாயில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. இடிபட்டு வரும் கார்களின் நெளிவை எடுத்து பெயிண்ட் அடித்துக் கொடுப்பான்.

கல்ஃபுக்குப் போன மற்றவர்களெல்லாம் ஊரில் மொட்டைமாடி வீடு கட்டினார்கள். செல்வின் கட்டவில்லை. கல்யாணமும் தள்ளிக்கொண்டே போயிற்று. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்... முதலில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். அடுத்தவன் காருக்கு இத்தனை வருஷம் பெயிண்ட் அடித்தாயிற்று, தனக்கென்று ஒன்று வேண்டும், அதைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து ஊரில் நிறுத்தி 'இது எனக்க வண்டி' என்று சொல்ல வேண்டும். அவனுக்கு வேறு ஆசை கிடையாது. ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன், ஒளிப்பானேன்?

போன வருஷம் அவன் அந்தக் காரை ஷோரூமிலிருந்து எடுத்த அன்று நான் துபாயில்தான் இருந்தேன். மைத்துனர் வீட்டுக்கு விசிட் விசாவில் போயிருந்தேன். இரண்டே கதவு, பின்னால் பேருக்கு ஒரு சீட், தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் வண்டி. நிறம் சிவப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்தியில் பெயர்களை மாற்றியிருக்கிறேன், காரின் நிறத்தையும் மாற்றிவிட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

சாவியைக் கையில் வாங்கியவன் உள்ளே ஏறவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கதவை ஓரமாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். சேல்ஸ்மேன் பயந்துபோனார். என்னலே குறை என்று கேட்டேன்.

"கொறையே இல்ல மக்கா. அதாக்கும் பாக்கேன்" என்றான்.

அன்றைக்கு என் கேமராவில் என்னைக் காரில் சாய்ந்து நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்தான். மூலையில் தானாகத் தேதி விழுமே, அந்தக் கேமரா. படம் இப்போதும் என் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. வருகிறவர்கள் பார்ப்பார்கள், கார் நன்றாக இருக்கிறதே என்பார்கள். துபாயில் எடுத்தது என்பேன். என்னுடைய கார் என்று நான் சொன்னதில்லை... இல்லை என்றும் சொன்னதில்லை.

வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு திரும்பி வருகிறவர் தன் காரைக் கொண்டுவரலாம். ஆனால் அது அங்கே ஒரு வருஷமாவது அவர் வைத்து ஓட்டிய காராக இருக்க வேண்டும் என்றுதான் செல்வினுக்குச் சொல்லியிருந்தார்கள். அவனும் ஒரு வருஷம் முழுசாகக் காத்திருந்தான். காத்திருந்தானே தவிர, ஓட்டினான் என்று சொல்ல முடியாது.

துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறந்தபோது கூடவே நின்றேன். எந்தத் துறைமுகம் என்று கேட்காதீர்கள், எனக்கு அந்தப் பக்கம் இன்னும் வேலை வரலாம். கஸ்டம்ஸ் அதிகாரி நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். சீட்டுகளில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. கதவின் உள்பக்கத்திலும் பிளாஸ்டிக். புது டயரில் ரப்பர் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்குமே, அதுகூடப் போகவில்லை. மீட்டரைப் பார்த்தார். ஒரு வருஷத்தில் ஓடிய தூரத்தை ஒரு டாக்சிக்காரர் ஒரே நாளில் ஓட்டிவிடுவார்.

காகிதத்தில் வண்டிக்கு ஒரு வயசு, நேரில் பார்த்தால் நேற்றுப் பிறந்த குழந்தை, நான் எதை நம்புவது என்று மலையாளத்தில் கேட்டார். காகிதம் எப்படி வேண்டுமானாலும் வரும் என்றும் சொன்னார். எங்களைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார், அப்புறம்தான் அந்தக் கேள்வி. ஏன் ஓட்டவில்லை?

செல்வின் எழுந்து நின்றுவிட்டான்.

"ஓட்டினா என்ன ஆவும்ணு பன்னிரண்டு வருசமா பாத்தவனாக்கும் சாரே ஞான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷப் பழக்கத்தில் இது எனக்குத் தோன்றியதே இல்லை. அவன் கைக்கு வந்த கார்கள் எல்லாமே யாரோ ஓட்டிய கார்கள்தானே! நசுங்கி, கிழிந்து, கண்ணாடி நொறுங்கி...

சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டு டி.வி. ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டீர்களா? ஃபிரிட்ஜுக்குப் போட்ட பூப்போட்ட சட்டை எங்கே? விருந்தாளிக்கு என்று அடுக்கிவைத்த பீங்கான் தட்டில் இதுவரை எந்த விருந்தாளி சாப்பிட்டிருக்கிறார்? ஆசைப்பட்டு வாங்கியதைத் தொடாமல் வைத்திருப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்று நமக்கெல்லாம் ஒரு நினைப்பு. செல்வின் அதைக் காரில் செய்தான், அவ்வளவுதான்.

அதிகாரி பத்து நாள் கொடுத்தார். ஓட்டியதற்கு ஆதாரம் கொண்டுவராவிட்டால் வண்டி அவர்கள் வசம் போய்விடும். நான் ஓடிப்போய் என் ஷோகேஸ் படத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். இது வாங்கிய தேதிக்கு ஆதாரம், ஓட்டியதற்கு அல்ல என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் செல்வினுக்கு வெள்ளிக்கிழமைகள் ஞாபகம் வந்தன. லீவு நாளில் நம் பக்கத்துப் பையன்கள் அவன் ரூமுக்கு வருவார்களாம். மாதத்துக்கு ஒருவனை ஏற்றிக்கொண்டு சர்ச்சுக்கோ கடற்கரைக்கோ போவானாம். அவனவன் கேமராவில் இவன் படம் எடுத்துக் கொடுப்பானாம். எல்லாப் படமும் ஊருக்குப் போயிருக்கும் என்றான். ஒன்பது வீட்டு விலாசம் எழுதித் தந்தான். வண்டியைத் தனியே விட்டுவிட்டு வர அவனுக்கு மனசில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்து லாட்ஜில் தங்கிவிட்டான். ஸ்கூட்டரில் நான் கிளம்பினேன்.

முதல் வீடு கொல்லயிலில். முன்னறையில் ஏசுநாதர் படத்துக்குப் பக்கத்தில், பெரிதாக்கி பிரேம் போட்ட படம். சிவப்புக் காரில் சாய்ந்து மகன் நிற்கிறான். அவன் புதுசாக வாங்கிய வண்டி என்றார் அம்மா. பாவம், தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வீட்டில் குத்துவிளக்குக்கு மேலே அதே கார், அதே நம்பர், வேறு மகன். அங்கேயும் அவனுடைய வண்டிதான்! மூன்றாவது வீடு திருப்புறத்தில். அங்கேயும் அதே கார். தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வந்துவிட்டேன். நாலாவது வீட்டில் கதவைத் தட்டவே கை வரவில்லை.

ஒரு கார். ஒன்பது சொந்தக்காரர்கள். ஒன்பது வீட்டிலும் அந்தக் காரைக் காட்டித்தான் மகன் நன்றாக இருக்கிறான் என்று ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு துணிச்சல் இந்தப் பையன்களுக்கு என்று கோபப்படப் பார்த்தேன். என் வீட்டு ஷோகேஸ் கண்முன்னால் வந்தது. கோபம் வரவில்லை.

உண்மையைச் சொல்லிப் படத்தைக் கேட்க முடியுமா? நானும் பொய்தான் சொன்னேன். வெளிநாட்டில் நன்றாக இருக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதப் போகிறேன் என்றேன். முந்தானையால் துடைத்து எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்பது வீட்டிலும் மலையாளப் பத்திரிகைதான் வாங்குகிறார்கள், பிழைத்தேன்.

கடைசி வீடு காஞ்சிரங்குளம். தேவதாஸ் மாமா, கல் குவாரியில் உடம்பைத் தேய்த்த மனிதர். மகன் ஜஸ்டஸ் துபாயில் ஒரு மளிகைக் கடையில் பெட்டி சுமக்கிறான். அடுத்த மாதம் கல்யாணம். படம் திருப்புறத்துப் பெண் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி, மாமா அப்போதே பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொண்டு வந்தார். பேப்பரில் சுற்றி என் கையில் வைத்தார். அதைப் பார்த்துத்தான் பெண்ணின் அப்பா சம்மதித்தாராம்.

அதிகாரியின் மேஜையில் ஒன்பது படத்தையும் பரப்பினோம். சர்ச் வாசல், கடற்கரை, பெட்ரோல் பம்ப்... ஒவ்வொன்றிலும் ஒரு மாதத்துத் தேதி. எல்லாவற்றிலும் பதிவுச் சீட்டில் இருக்கும் அதே நம்பர். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, வண்டி போய்வந்தது சரி, இதில் நீங்கள் எங்கே என்று கேட்டார்.

நானும் அப்போதுதான் கவனித்தேன். ஒரு படத்தில்கூட செல்வின் இல்லை.

"ஞானாக்கும் படம் எடுத்தது" என்றான் செல்வின்.

அதிகாரி படங்களை அடுக்கி அவன் கையிலேயே கொடுத்தார். சொந்தக்காரர் படத்தில் தெரிய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு வண்டியை வெளியே எடுத்தோம்.

ஊருக்கு ஓட்டி வரும்போது நெய்யாற்றின்கரை நெருங்கியதும் இனி மறைக்க முடியாது என்று பட்டது. அவனுக்கு அந்த ஒன்பது வீட்டுச் சங்கதி தெரியாது. ஞாபகத்துக்காக எடுத்த படங்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். சொன்னேன். வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டான்.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"நீயுமாலே?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. செல்வின் போய், கல்யாணம் வைத்திருக்கும் ஜஸ்டஸ் வேலை செய்யும் கடைக்கு போன் போட்டான். பத்து நிமிஷம் கழித்து வியர்த்துப்போய் வந்தான். ஜஸ்டஸ் அழுதானாம். பெண்ணுக்கு முதல் கடிதத்திலேயே உண்மையை எழுதிவிட்டானாம். கார் இல்லாவிட்டால் என்ன, தன் அப்பாவுக்கு மட்டும் கல்யாணம் முடியும்வரை தெரிய வேண்டாம் என்று அவள்தான் பதில் போட்டாளாம். ஆக, அந்தக் கல்யாணத்தில் இரண்டு அப்பாக்கள்தான் இன்னும் அந்தக் காரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் கொல்லயிலில் செல்வின் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். துணியால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சிவப்புக் கார் வந்த செய்தி அதற்குள் காஞ்சிரங்குளம் போய்விட்டது. வெள்ளைச் சட்டையில் தேவதாஸ் மாமா வந்தார். கூடவே ஒருவர். பெண்ணின் அப்பா.

மாமா பானட்டைத் தொடாமல், மேலே கையை வைப்பதுபோல் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்.

"ஜஸ்டசுக்க வண்டி வந்துட்டு இல்லியா மக்கா?"

நான் செல்வினைப் பார்த்தேன். எத்தனை வருஷம் காத்திருந்தான் இந்த முற்றத்துக்கு! ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது அவன் கார். ஆனால் அதைச் சொன்ன நிமிஷத்தில் தேவதாஸ் மாமா சம்பந்தியின் முன்னால் எப்படி நிற்பார்? கல்யாணம் நடக்குமா?

"வந்துட்டு மாமா. கல்யாணத்துக்கு ஞானே கொண்டு வாறேன்" என்றான்.

பெண்ணின் அப்பா வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். திருப்திதான். பிறகு செல்வினின் கையிலிருந்த துணியைப் பார்த்தார்.

"நீ டிரைவராக்கும், இல்லியா?"

"ஆமா" என்றான் செல்வின்.

அதைச் சொல்ல அவனுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குத்தான் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.